வரிசை எண் 412: ஒரு கோளின் உட்புறம்

எங்கள் நிறுவனத்தில் விஞ்ஞானிகள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரிடம் இருக்கும் பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு நாற்பத்து மூன்று பேர். இதில் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. கோபம் இருந்தால் இவ்வளவு அமைதியாகவா சொல்லிக்கொண்டிருப்பேன்?

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகத்தான். நீட்டிச் சொன்ன இடத்திலெல்லாம் எனக்கு மெமோ வந்திருக்கிறது. ஒரு கோள் பிறந்த புதிதில் கொதிக்கிற குழம்பாக இருக்கும். இரும்பு கனம், அது கீழே இறங்கிவிடும். கல் இலேசு, அது மேலே நின்றுவிடும். இறங்குகிற இரும்பு சும்மா இறங்காது. போகிற போக்கில் கிடைத்ததையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போகும். எதை வாரிக்கொண்டு போனது, எதை மிச்சம் வைத்தது என்பதுதான் என் கேள்வி. அதிலும் குறிப்பாக நைட்ரஜன். பூமியில் இருந்திருக்க வேண்டிய நைட்ரஜனில் பெரும்பங்கைக் காணோம். விண்வெளிக்குப் பறந்துவிட்டதா, இரும்போடு சேர்ந்து நடுவுக்குப் போய்விட்டதா?

அவ்வளவு ஆழத்துக்கு யாரும் போய்ப் பார்க்க முடியாது. அதனால் மிளகு அளவு குப்பி ஒன்றில் கல்தூள், இரும்புத்தூள், நைட்ரஜன் உள்ள ஒரு பொடி மூன்றையும் அடைத்து, எட்டு உலோகக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து, இரண்டு ஆள் உயரப் பிரஸ்ஸில் நசுக்கி, கொதிக்க வைக்கிறேன். நாற்பது நாள், ஒரு நொடி நிற்காமல். நாற்பது நாள் முடிந்தபின் அழுத்தத்தை ஒரு முழு நாள் எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டைகள் துப்பாக்கி வெடித்த மாதிரி வெடிக்கும். உள்ளே இருப்பது தூளாகிவிடும்.

இதற்கு முன் மூன்று முறை செய்தேன். முதல் முறை பதினோராம் நாள், தீயணைப்பு ஒத்திகை என்று மெயின் சுவிட்சை அணைத்தார்கள். இரண்டாம் முறை இருபத்து மூன்றாம் நாள், பிரஸ்ஸுக்கு எண் எழுத வந்த பெயின்டர் தன் விளக்கைச் செருக இடம் இல்லை என்று என் பிளக்கைப் பிடுங்கினார். மூன்றாம் முறை முப்பத்தோராம் நாள். மேலிடத்து விருந்தினர் வருகிறார், இயந்திரச் சத்தம் அவர் பேச்சுக்கு இடைஞ்சல் என்று நிறுத்திவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், மூன்று முறையும். ஒவ்வொரு முறையும் எட்டுக் கட்டைகள் போயின. இப்போது இருப்பது கடைசி எட்டு. இதுவும் போனால் பிரஸ் இரும்புக் கடைக்கு, நான் லேபிள் பிரிவுக்கு. பொருள்களுக்கு எண் எழுதி ஒட்டும் பிரிவு அது. என் இருபது வருஷக் கேள்வியை அத்தோடு மூடிவிடுவார்கள். நாலாவது முறை தொடங்கிய அன்று நானும் மெக்கானிக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

மெக்கானிக்கை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். பிரஸ்ஸின் முனகலைக் கேட்டே அழுத்தம் எவ்வளவு என்று சொல்லக்கூடியவர்.

ஒன்பதாம் நாள் முதல் மெமோ வந்தது. சரிபார்ப்புப் பிரிவிலிருந்து. என் திட்ட அறிக்கையில் 'காணாமல் போன நைட்ரஜன்' என்று எழுதியிருந்தேன் அல்லவா? விதிப்படி, காணாமல் போன பொருள் குறித்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும். பொருள் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, அப்போது யார் பொறுப்பில் இருந்தது, தாமதத்துக்குக் காரணம் என்ன, ஏழு நாளுக்குள் விளக்கவும்.

நான் விளக்கினேன். கடைசியாக இருந்தது சுமார் நானூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன். அப்போது பொறுப்பில் யாரும் இல்லை. தாமதத்துக்குக் காரணம், நான் வேலைக்குச் சேர்ந்தே இருபது வருஷம்தான் ஆகிறது.

மறுநாளே பதில் வந்தது: 'விளக்கம் பெறப்பட்டது. தங்கள் பணிக்காலத்துக்கு முந்தைய இழப்பு என்பதால் தற்காலிகமாகத் தங்கள் மீது நடவடிக்கை இல்லை. எனினும், பணியில் சேர்ந்தபோது பொருள் குறைவாக இருப்பதைக் குறித்து ஒப்புகை பெறாதது ஏன்?'

இந்த மெமோவில் கையெழுத்துப் போட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமைச் சரிபார்ப்பு அலுவலர். நிறுவனம் முழுக்க அவருக்கு 'பார்த்தாச்சு' என்று பெயர். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்தான் அதிகம் வந்திருக்கிறது. பொருளைப் பார்ப்பார், 'பார்த்தாச்சு' என்பார், பதிவேட்டில் டிக் போடுவார், முத்திரை குத்துவார், அடுத்ததுக்குப் போவார். ஒரு பொருளின் மேல் அவர் கண் இரண்டு நொடிக்கு மேல் நின்றதை யாரும் கண்டதில்லை. கெட்ட மனுஷர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், விதியை மீற மாட்டார். அதுதான் தொல்லையே.

மெமோவுக்குப் பதில் கொடுக்க அவர் அறைக்குப் போனபோது வாசலில் கால் இடித்துக்கொண்டேன். அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சாம்பல் பெயின்ட் அடித்த கல், அதன் மேல் வெள்ளையில் 388 என்று எண். பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. ஐயோ அம்மா என்று குனிந்து உட்கார்ந்தேன்.

"பார்த்து வரக்கூடாதா மேடம்? வரிசை முந்நூத்தி எண்பத்தெட்டு. கதவுத் தடை, ஒண்ணு" என்றார் பார்த்தாச்சு.

"இவ்வளவு கனமா சார்?"

"கனத்துக்குப் பதிவேட்டுல காலம் கிடையாது" என்றார்.

பதினெட்டாம் நாள் சுற்றறிக்கை வந்தது. அந்த வருஷத்துக்கான சரிபார்ப்பு 'முழுக்கண் சரிபார்ப்பு'. ஒவ்வொரு பொருளையும் திறந்து உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும். மூடி, உறை, பூட்டு, முத்திரை எதுவும் விலக்கல்ல. கண்ணால் காணப்படாதது இருப்பில் இல்லாததாகக் கருதப்படும்.

முதலில் மாட்டியவர் மாடியில் இருக்கும் வெற்றிடக்காரர். ஓர் இரும்பு அறைக்குள்ளிருந்து காற்றை எட்டு மாதமாக உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார் பாவம். கதவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தம், எட்டு மாதம் முடிந்தது. பார்த்தாச்சு தலையை விட்டுப் பார்த்து, 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று எழுதினார். மறுநாள், காலி இடத்தை வீணாக்குவதாக வெற்றிடக்காரருக்கு மெமோ. இப்போது அந்த அறைக்குள் மூன்று உடைந்த நாற்காலிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் டிக் போட்டாயிற்று.

அடுத்து கிருமி ஆராய்ச்சி அம்மா. குப்பிகள் அறுபது என்று பதிவேட்டில் இருந்தது. குப்பியைப் பார்த்தால் போதாது, கிருமியை எண்ண வேண்டும் என்றார்கள். அந்த அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. மூடிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேர் எண்ண உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் நாலு பேரும் மருத்துவ விடுப்பில் போனார்கள். விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்து, 'இருப்பு உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினார் பார்த்தாச்சு.

இருபத்திரண்டாம் நாள் என் அறைக்கு வந்தார். கையில் பதிவேடு, பின்னால் ஆறு பேர்.

"வரிசை நானூத்திப் பன்னிரண்டு. குப்பி, ஒண்ணு. எங்கே?"

"பிரஸ்ஸுக்குள்ள இருக்கு சார்."

"திறங்க."

"திறக்க முடியாது சார். இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. இப்பத் திறந்தா எல்லாம் போயிடும்."

"எங்கே போகும்? நாங்க ஏழு பேர் வாசல்ல நிக்கிறோம்."

நான் சொன்னேன். குழம்பு, இரும்பு, அழுத்தம் எல்லாம் சொன்னேன். பார்த்தாச்சு பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "முழுசாத் திறக்க வேணாம். லேசா ஒரு ஓரமா நீக்கிக் காட்டுங்க, எட்டிப் பார்த்துட்டு மூடிடலாம்" என்றார்.

மெக்கானிக் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "சார், வீட்டுல குக்கர் விசில் அடங்காம மூடியைப் பிடுங்குவீங்களா?"

"எங்க வீட்டுல சமையல் என் சம்சாரம். அது என் பிரிவு இல்லை" என்றார் பார்த்தாச்சு. பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. உள்ளே குப்பி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பார்த்தீங்களா?"

"கணக்குப் போட்டுத் தெரிஞ்சுக்கிறேன். மின்சாரம் எவ்வளவு இழுக்குது, சூடு எவ்வளவு..."

"அப்ப பார்க்கலை."

"பார்க்கலை."

"பார்க்காததை எப்படி நான் பார்த்தேன்னு எழுதறது? பொய்யாயிடாதா?" உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். திறக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். பதிவேட்டில் 'மறுப்பு' என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டு போனார். போகிற வழியில் பிரஸ்ஸுக்கு எண்ணெய் விடும் புட்டிக்கு ஒரு டிக்.

இருபத்து நாலாம் நாள் ஆறாவது மாடியில் கூட்டம். இயக்குநர் தலைமை. நான் என் ஆராய்ச்சியைப் பத்து நிமிடம் விளக்க வேண்டும், பிறகு முடிவெடுப்பார்கள். விளக்கினேன். நாற்பத்து மூன்று பேரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் எழுந்தார்.

"மேடம் சொன்னதைக் கேட்டு நான் நெகிழ்ந்து போயிட்டேன். கனமானதெல்லாம் கீழே போயிடும். இலேசானதெல்லாம் மேலே வந்துடும். எவ்வளவு அழகான விதி! நம்ம நிறுவனத்தையே எடுத்துக்கங்க. நானும் மேடமும் ஒரே நாள்லதான் வேலைக்குச் சேர்ந்தோம். அவங்க இருபது வருஷமா தரைத்தளத்துலயே இருக்காங்க. நான் ஆறாவது மாடிக்கு வந்துட்டேன். இது எப்படின்னு எனக்கே பல நாள் புரிஞ்சதில்லை. இன்னிக்குத்தான் விஞ்ஞானபூர்வமா புரிஞ்சுது!"

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். மனசாரத் தட்டினேன்.

"ஆனா ஒண்ணு" என்று தொடர்ந்தார். "விஞ்ஞானத்துக்காக நிறுவனமா, நிறுவனத்துக்காக விஞ்ஞானமா? விஞ்ஞானம் இல்லாம நிறுவனம் நடக்கும். நாமே நடத்திக் காட்டியிருக்கோம். பதிவேடு இல்லாம ஒரு நாள் நடக்குமா? வர்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பிரஸ் திறக்கப்படும். மேடம் திறக்கலைன்னா, மின்சாரப் பிரிவு திறக்கும்."

செவ்வாய்க்கிழமை என்றால் இருபத்தொன்பதாம் நாள். இன்னும் பதினொரு நாள் பாக்கி இருக்கும்போது அறுத்துவிடுவார்கள். படியிறங்கி வந்தேன். கீழே மெக்கானிக் அண்ணன் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிரஸ்ஸின் மேல் கையை வைத்துக்கொண்டார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அழுதேன். அழுகை என்றால் ஆத்திர அழுகை. என் வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் பார்சல் கவுன்டரில் இருக்கிறார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"அவங்க விதிப் புத்தகத்தை நீ படிச்சிருக்கியா?"

"அந்தக் கருமத்தை யாருங்க படிப்பாங்க?"

"அவங்களும் படிச்சிருக்க மாட்டாங்க. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். எவன் ரொம்ப விதி பேசறானோ அவன் பக்கம் மூணுக்கு மேல போயிருக்க மாட்டான். கொண்டா இங்க."

இருவரும் உட்கார்ந்து படித்தோம். இருநூற்றுப் பதினாறு பக்கம். மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். விதி பதினேழு. 'சரிபார்ப்பு வரிசை எண்படியே நடைபெறுதல் வேண்டும். ஒரு வரிசைக்குரிய பொருள் முழுமையாகக் காணப்படாத வரை அடுத்த வரிசையைத் தொடுதல் ஆகாது.'

"உன் குப்பி நானூத்திப் பன்னிரண்டு. ஒண்ணு என்ன?" என்றார்.

ஒன்று என்னவென்று நிறுவனத்தில் எல்லாருக்கும் தெரியும். நிறுவனர் கல். வானத்திலிருந்து விழுந்த ஒரு கல்லை ஆராயத்தான் நிறுவனர் இந்த இடத்தையே தொடங்கினார். அது இயக்குநர் அறையில், அரக்கு முத்திரை வைத்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. இயக்குநராகப் பதவியேற்பவர் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்துத்தான் உறுதிமொழி எடுப்பார். ஆராய வந்த கல்லை ஆராய யாருக்கும் அனுமதி இல்லை. நானே பத்து வருஷம் விண்ணப்பித்து ஓய்ந்திருக்கிறேன். முத்திரையை உடைக்கக் கூடாது என்று பதில் வரும்.

"அந்தப் பெட்டியை இந்த வருஷம் திறந்தாங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநரே வந்தார். மின்சாரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் ரப்பர் கையுறையோடு வந்தார்கள். பார்த்தாச்சு பதிவேட்டைத் திறந்தார். நான் பிரஸ்ஸின் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டேன். என் பக்கத்தில் மெக்கானிக் அண்ணன், கையில் ஸ்பானரோடு. எதற்கு ஸ்பானர் என்று நான் கேட்கவில்லை.

"நகருங்க மேடம்" என்றார் இயக்குநர்.

"நகர மாட்டேன் சார். விதி பதினேழு. வரிசைப்படி வாங்க. ஒண்ணுலேர்ந்து நானூத்திப் பதினொண்ணு வரைக்கும் திறந்து பார்த்துட்டு வாங்க. நானே ஸ்பானர் எடுத்துத் தர்றேன்."

"எல்லாம் பார்த்தாச்சு" என்றார் பார்த்தாச்சு.

"வரிசை ஒண்ணையும் பார்த்தாச்சா சார்? கண்ணால? திறந்து?"

பேனா காற்றில் நின்றது. விதிப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். பதினேழைப் படித்தார். திரும்பப் படித்தார். முகம் வெளுத்துப் போயிற்று. முப்பத்து மூன்று வருஷம் விதியை மீறாதவர் அல்லவா?

"சார்... மேடம் சொல்றது சரி" என்றார் இயக்குநரிடம். "பெட்டியைத் திறக்கணும்."

"யோவ், அது நிறுவனர் பெட்டி!"

"சுற்றறிக்கையில 'முத்திரை எதுவும் விலக்கல்ல'ன்னு நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஊர்வலமாக ஆறாவது மாடிக்குப் போனோம். விஞ்ஞானிகள் பதினொரு பேரும் சேர்ந்துகொண்டார்கள். வெற்றிடக்காரர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாவியைக் காணோம் என்றார் இயக்குநர். மெக்கானிக் அண்ணன் ஸ்பானரை உயர்த்திக் காட்டினார். சாவி கிடைத்தது.

அரக்கை உடைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நீல வெல்வெட். வெல்வெட்டின் நடுவில் கல் உட்கார்ந்திருந்த பள்ளம். பள்ளத்தில் மடித்து வைத்த ஒரு சீட்டு. பார்த்தாச்சு எடுத்து, வாய்விட்டே படித்தார்.

'கல் சரிபார்ப்புக்காக வெளியே எடுக்கப்பட்டது. பார்த்தபின் திரும்ப வைக்கப்படும்.'

தேதி முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தியது. கீழே கையெழுத்து, இளநிலைச் சரிபார்ப்பு எழுத்தர். கையெழுத்து பார்த்தாச்சுவுடையதேதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் வரவில்லை. அந்த மனுஷர் சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்து, பள்ளத்தில் திரும்ப வைத்தார்.

இயக்குநர்தான் முதலில் சுதாரித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "சரி. நடந்தது நம்மளோட இருக்கட்டும். பெட்டியைத் திரும்ப முத்திரை வைப்போம். 'கல்லைப் பார்த்தோம்'னு எல்லாரும் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். மேடம், உங்க பிரஸ்ஸையும் பார்த்ததா டிக் போட்டுடறோம். நாப்பது நாள் என்ன, நானூறு நாள் ஓட்டுங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

பதிவேட்டை என் முன்னால் வைத்தார்கள். மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். இன்னும் பதினொரு நாள். கடைசி எட்டுக் கட்டைகள். ஒரு வரி எழுதினால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் என் தொழிலே பார்க்க முடியாத இடத்தைப் பற்றி எழுதுவதுதான். இருபது வருஷமாக எழுதுகிறேன். கணக்கிட்டேன் என்று எழுதியிருக்கிறேன், ஊகித்தேன் என்று எழுதியிருக்கிறேன், தெரியவில்லை என்றுகூட எழுதியிருக்கிறேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. இந்த ஆளுக்காகவா எழுதப் போகிறேன்? போடா, போனால் பிரஸ் போகட்டும் என்று தோன்றியது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

'பெட்டியைப் பார்த்தேன். காலி. கல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெற்றிடக்காரர் பேனாவை என் கையிலிருந்தே பிடுங்கி, கீழே 'நானும் பார்த்தேன்' என்று எழுதினார். கிருமி அம்மா அடுத்து. பதினொரு கையெழுத்தும் விழுந்தன.

"நல்லது" என்றார் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு. "அப்ப வாங்க கீழே. பிரஸ்ஸைப் பிடுங்கலாம்."

"முடியாது சார்." சொன்னது நான் இல்லை. பார்த்தாச்சு.

"என்னய்யா முடியாது?"

"வரிசை ஒண்ணு காணப்படலை சார். ஒண்ணு காணப்படாத வரை ரெண்டைத் தொடக் கூடாது. ரெண்டைத் தொடாம நானூத்திப் பன்னிரண்டைத் தொட முடியாது." பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப் பையில் செருகினார். "கல் கிடைக்கற வரைக்கும் சரிபார்ப்பு நிறுத்தம்."

கும்பிடலாம் போல இருந்தது அவரை.

மறுநாளே கல் தேடும் குழு அமைக்கப்பட்டது. முப்பது பேர். மாடிப்படிக்கு அடியில் தேடினார்கள், தண்ணீர்த் தொட்டியில் தேடினார்கள், வெற்றிடக்காரரின் அறையில் மூன்று நாற்காலிகளையும் நகர்த்தித் தேடினார்கள். குழுவின் அலுவலகம் சரிபார்ப்புப் பிரிவில், பார்த்தாச்சுவின் அறையிலேயே. தினமும் காலையில் முப்பது பேரும் அந்த வாசல் வழியாகத்தான் தேடப் போவார்கள், அந்த வாசல் வழியாகத்தான் திரும்பி வருவார்கள்.

முப்பத்தாறாம் நாள் குழு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது. உள்ளே நுழையும்போது அதே கல், அதே பெருவிரல். ஐயோ என்று குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முப்பது பேரின் செருப்பும் நாள் முழுக்க உரசி உரசி, ஒரு மூலையில் சாம்பல் பெயின்ட் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் துருவுக்கு நடுவே நகத்தளவு உலோகம் மினுங்கியது. அதன் பக்கத்தில் தேன் நிறத்தில் ஒரு பொட்டு.

அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தேன்; குழு கேட்ட கேள்வி எதுவும் காதில் விழவில்லை.

"உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா குழுவுக்குச் சொல்லணும் மேடம்" என்றார் குழுத் தலைவர்.

"கல் தேடறது உங்க பிரிவு சார். என் பிரிவு குப்பி" என்றேன்.

சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் ஒன்று முடிந்து, இரண்டு முடிந்து, ஓட்டமாக ஓடி நானூற்றுப் பன்னிரண்டுக்கு வந்திருப்பார்கள். இது நேர்மையா என்று நீங்கள் கேட்டால், நாலு நாள் கழித்துக் கேளுங்கள் என்றுதான் அன்றைக்கு என் பதில்.

நாற்பதாம் நாள் சூட்டை அணைத்தோம். ஒரு முழு நாள் அழுத்தத்தை இறக்கினோம். மெக்கானிக் அண்ணன் பிரஸ்ஸில் காதை வைத்துக்கொண்டு வீட்டுக்கே போகவில்லை. எட்டுக் கட்டைகளும் முழுசாக வெளியே வந்தன. குப்பியை அறுத்துத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணாடியாக உறைந்த கல்லின் அடியில் ஓர் இரும்பு மணி, கடுகில் பாதி. அளந்து பார்த்தோம். நைட்ரஜனில் முக்கால்வாசி அந்த மணிக்குள் இருந்தது.

அண்ணன் கேட்டார், "கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுது அண்ணே." இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டோம்.

முதல் வேலையாகப் பழைய மெமோவுக்கு இறுதிப் பதில் எழுதினேன். 'காணாமல் போன பொருள் இருக்குமிடம் தெரிந்தது. பூமியின் நடுவில் உள்ளது. இரும்பின் பொறுப்பில் பத்திரமாக இருக்கிறது. திரும்பப் பெற இயலாது.' அதை எடுத்துக்கொண்டு, ஒரு துணியும் ஒரு புட்டி தின்னரும் எடுத்துக்கொண்டு, அண்ணனோடு சரிபார்ப்புப் பிரிவுக்குப் போனேன்.

இந்த முறை இடித்துக்கொள்ளவில்லை. குனிந்து முட்டுக்கல்லை இரண்டு கையாலும் தூக்கினேன். பார்த்தாச்சுவின் மேஜையில், பதிவேட்டின் மேலேயே வைத்தேன்.

"இது முந்நூத்தி எண்பத்தெட்டு" என்றார்.

"வரிசை ஒண்ணும் இதுதான் சார்."

தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். முப்பத்தொரு வருஷச் சாம்பல் பெயின்ட் அடுக்கடுக்காகக் கழன்றது. ஒரு பக்கம் துடைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வெள்ளி போல இரும்பு, இரும்புக்குள் அங்கங்கே பதிந்த தேன் நிறக் கற்கள். ஒரு சின்னக் கோளின் உட்புறம். கோள் உடைந்து சிதறியபோது அதன் நடுவிலிருந்து கிளம்பி, எத்தனையோ கோடி வருஷம் அலைந்து, இந்த அலுவலகத்தில் கதவுக்கு முட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. பார்க்கவே முடியாது என்று நான் இருபது வருஷம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இடத்தின் ஒரு துண்டு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம், நான் உள்பட.

பார்த்தாச்சு பார்த்தார். இரண்டு நொடி ஆயிற்று, கண்ணை எடுக்கவில்லை. பத்து நொடி. அரை நிமிடம். ஒரு விரலை நீட்டித் தேன் நிறக் கல் ஒன்றைத் தொட்டார்.

"அன்னிக்கு வெளியே எடுத்தேன். டிக் போட்டேன். சாப்பாட்டு மணி அடிச்சுது. கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இதை முட்டுக் கொடுத்துட்டுப் போனேன், அதுக்குள்ள பெட்டிக்கு யாரோ அரக்கு வெச்சுட்டாங்க, இதுக்கு யாரோ எண் எழுதிட்டாங்க. முப்பத்தொரு வருஷமா தினமும் இதைத் தாண்டித்தான் மேடம் உள்ளே வர்றேன். வருஷா வருஷம் ரெண்டு இடத்துல டிக் போட்டிருக்கேன். ஒரு தடவை பார்க்கலையே."

சேதி ஆறாவது மாடிக்கு எப்படி ஏறியதோ, இலேசான சேதியாக இருந்திருக்க வேண்டும், இயக்குநர் ஓடி வந்தார். "கிடைச்சுட்டுதா? அப்பாடா! கொடுங்க, கொடுங்க. உடனே பெட்டியில வெச்சு முத்திரை போட்டுடலாம். இனிமே யாரும் தொடக் கூடாது."

நான் கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

"தர முடியாது சார். ஆராயறதுக்குன்னு வந்த கல். ஆராயப் போறேன்."

"மேடம்! பெட்டி காலியா இருந்தா நாளைக்கு எவனாவது கேப்பான்!"

"காலியா எங்கே இருக்கு? உள்ளே சீட்டு இருக்கு சார். 'வெளியே எடுக்கப்பட்டது, திரும்ப வைக்கப்படும்.' தேதியை மட்டும் மாத்திக்கங்க."

இயக்குநர் பார்த்தாச்சுவைப் பார்த்தார். பார்த்தாச்சு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பதிவேட்டில் வரிசை ஒன்றைத் திறந்தார். டிக் போடவில்லை. முத்திரையும் குத்தவில்லை. 'ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்டது' என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முந்நூத்தி எண்பத்தெட்டு?" என்றேன்.

"அது இல்லை மேடம். அது எப்பவுமே இல்லை" என்று அந்த வரியை அடித்தார்.

நானும் மெக்கானிக் அண்ணனும் வெளியே வந்தோம். பின்னால் இயக்குநர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாததால் கதவு தானாகவே சாத்திக்கொண்டது.